வானொலி நிறுவனங்களை விலைக்கு வாங்குவோருக்கு ஒரு ஹாமின் மடல்

இருவழி வானொலி நிறுவனங்களைக் கையகப்படுத்தும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இருவழி வானொலி செட்டுகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனம் கைமாறுகிறது என்ற செய்தி வந்தால், அன்று மாலை ஹாம்களின், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்களின், அலைவரிசைகளில் வேறு பேச்சு இருக்காது. பங்கு விலையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. "ஃபைனல் டிரான்சிஸ்டர் (சிக்னலுக்கு வலுவூட்டி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பாகம்) இனிக் கிடைக்குமா? சர்வீஸ் மேனுவல் யாரிடம் இருக்கிறது?" இவைதான் முதல் கேள்விகள். பழைய பெயர்மீது கொண்ட பாசத்தில் புலம்புகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். பட்ட அனுபவம் அப்படிக் கேட்க வைக்கிறது.

எங்கள் செட்டுகளைச் செய்த ஹாலிகிராஃப்டர்ஸ் 1966இல் விமான, பாதுகாப்புத் துறை நிறுவனமான நார்த்ராப்பிடம் போனது. அதேபோல் காலின்ஸ் 1970களின் தொடக்கத்தில் ராக்வெல்லிடம் போனது. கைமாறிக் கைமாறி வந்த ஹீத்கிட், வாங்குவோரே பூட்டிக்கொள்ளும் உதிரிபாகத் தொகுப்புகளான கிட்களை விற்பதையே 1992இல் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் துறை, விமானத் துறை ஒப்பந்தங்களோடு ஒப்பிட்டால் எங்கள் சந்தை சிறியது. கணக்குப் பார்ப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஆனால் எல்லா அச்சமும் பலித்துவிடவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். யாயெசு செட்டுகளைத் தயாரித்துவந்த வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்டின் 80 விழுக்காட்டை 2008 ஜனவரியில் மோட்டோரோலா வாங்கியபோது, ஹாம் செட்டுகளின் கதை முடிந்தது என்றே எங்களில் பலர் எண்ணினோம். நடந்தது வேறு. 2012 ஜனவரியில் இரு தரப்பும் பிரிந்தன. அமெச்சூர் பிரிவு யாயெசு மூசென் என்ற பெயரில் தனியே நடக்கத் தொடங்கியது. எஃப்டிடிஎக்ஸ் 101 போன்ற அருமையான டிரான்ஸீவர்கள் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் செட்டுகள்) அதற்குப் பிறகு வந்தவையே. வணிகப் பிரிவு மோட்டோரோலா சொல்யூஷன்ஸிடம் தங்கியது. இன்று வெர்டெக்ஸ் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் புதிய செட் வருவதில்லை.

என் கவலை அந்த வணிகச் செட்டுகளைப் பற்றியது. அலுவலகங்களும் போக்குவரத்து நிறுவனங்களும் கழித்துவிடும் செட்டுகளை வாங்கி, எங்கள் அலைவரிசைக்கு மாற்றி, சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டராக ஓட்டுவது ஹாம்களின் நெடுநாள் வழக்கம். கனமான அலுமினிய உடம்பும் நல்ல ரிசீவரும் கொண்ட அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அவற்றில் ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. விளக்கு எரிகிறது, சிக்னல் தெளிவாக விழுகிறது, ஒரு பழுதும் இல்லை. ரிப்பீட்டரைத் திறக்கச் சிக்னலோடு போகும் அடையாள ஒலியான டோனை 88.5 ஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு அந்த மாடலுக்கான புரோகிராமிங் மென்பொருள் வேண்டும். செட்டைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. அதை வாங்கிய நிறுவனத்துக்கு எழுதினேன். "இந்த மாடல் எங்கள் பட்டியலில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவர்கள் வாங்கிய பொருள் எப்படி அவர்களுடைய பட்டியலில் இல்லாமல் போகும்?

மென்பொருள் கிடைத்தால் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் காலத்து மென்பொருள்களில் சில, பழைய கணினி இயங்குதளமான டாஸில் ஓடுபவை. கணினி வேகமாக இருந்தால் அவற்றின் நேரக் கணக்கு பிசகி, செட்டோடு பேச முடியாமல் போகும். அதற்காகவே ஒரு பழைய மடிக்கணினியைப் பழுது பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வருகிறேன். இந்தச் சிரமங்களைப் படுவதற்கு நாங்கள் தயார்.

தகவல் கையில் இருந்தால் ஹாம்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஐகாம் நிறுவனத்தின் ஐசி 751 செட் ஒரு சான்று. அதன் இயக்க நிரலே ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில் நினைவகத்தில் நின்றது. பேட்டரி தீர்ந்தால் செட் செயலற்றுப் போகும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள், பேட்டரியே தேவைப்படாத மாற்று போர்டுகளைச் செய்தார்கள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய செட்டுகள் மீண்டும் பேசின.

உங்கள் தயக்கம் புரிகிறது. காவல்துறையும் தீயணைப்புத் துறையும் உங்கள் செட்டுகளை நம்பியிருக்கின்றன. குறியாக்கச் சாவிகளை எவரும் வெளியிடக் கூடாது, நாங்கள் கேட்கவும் இல்லை. விற்பனையில் உள்ள மாடல்களின் இரகசியமும் எங்களுக்கு வேண்டாம். தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்கள் நாங்கள். எந்த அலைவரிசையில் பேசலாம், எதில் பேசக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும்.

உற்பத்தியும் சர்வீஸும் நின்றுபோன மாடல்களின் சர்க்கியூட் வரைபடம், அலைன்மென்ட் முறை (செட்டைச் சரியாகச் சீர்செய்யும் வழி), புரோகிராமிங் மென்பொருள் ஆகியவற்றைப் பொதுவில் வையுங்கள். அதையும் கையகப்படுத்தும் நாட்களிலேயே செய்யுங்கள். பழைய பொறியாளர்கள் விடைபெறுவதும், அலமாரிகள் காலியாவதும், சர்வர்கள் அணைக்கப்படுவதும் அந்த நாட்களில்தான். ஆறு மாதம் கழித்துத் தேடினால், எந்தக் கோப்பு எங்கே இருந்தது என்று சொல்லக்கூட ஆள் இருக்க மாட்டார். ஒப்பந்தத்தில் கட்டடங்களையும் காப்புரிமைகளையும் பட்டியலிடும்போது, இந்தக் கோப்புகளுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமியுங்கள்.

உங்கள் பதில் வரும்வரை என் மேசையில் இருக்கும் செட்டின் திருகுகளைக் கழற்றப் போவதில்லை.

73 (ஹாம்களின் வழக்கில் அன்பான வாழ்த்துகள்),
ஒரு ஹாம்