எடிட் லாக் கொடுத்தால் மட்டும் போதாது

இந்தியாவில் கணக்கு மென்பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்த முடியக் கூடாது என்ற விதி, இரண்டு முறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தேவையான விதி. முடிந்த மாதத்துக்குள் போய் பில்லை மாற்றுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று டேட்டாபேஸ் பராமரிக்கிற எங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்களும் அந்தத் திருத்தப் பதிவை, அதாவது எடிட் லாகை, கொடுத்துவிட்டீர்கள். ஆனால் எட்டு வருடம் வளரப்போகிற டேபிள் அது என்பதை மனதில் வைத்து அதை வடிவமைத்ததாகப் பல மென்பொருள்களில் தெரியவில்லை.

இருபது வரி உள்ள ஒரு பில்லில் ஒரே ஒரு பொருளின் விலையைத் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிக்கும்போது உங்கள் நிரல் இருபது வரியையும் அழித்துவிட்டு, மறுபடி இருபதையும் எழுதுகிறது. டேபிளில் மாற்றம் நடந்தாலே தானாக ஓடும் ட்ரிக்கர் அத்தனையையும் பதிகிறது. மாறியது ஓர் எண், லாகில் ஏறியது நாற்பது வரி. இடம் வீணாவதைவிட இதில் எனக்குப் பெரிய குறை வேறு: எது மாறியது என்று தேடும் ஆடிட்டருக்கு அந்த நாற்பதில் பதில் புதைந்துபோகிறது. மாறிய வரியை மட்டும் திருத்துங்கள், பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் மட்டும் பதியுங்கள்.

சிறிய கம்பெனிகள் பலவற்றில் மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்தான் ஓடுகிறது. 2022 பதிப்பு வரை அதில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு. லாகும் பில்லும் ஒரே டேட்டாபேஸில் இருந்து வரம்பு நிரம்பினால், புதிய பில்லே போட முடியாது. கடையில் ஆள் நிற்கும்போது யாரோ ஒருவர் லாகில் கைவைப்பார். லாகைத் தனி டேட்டாபேஸில் வையுங்கள்.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் சிக்கல் வேறு மாதிரி. டெலீட் செய்தாலும் டிஸ்கில் இடம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. வேக்யூம் ஃபுல் என்ற கட்டளையை ஓட்டினால் கிடைக்கும், ஆனால் அது டேபிளைப் பூட்டிவிட்டுப் புதிதாக ஒரு நகல் எழுதும். டிஸ்க் நிரம்பியபின் அந்த நகலுக்கு இடம் ஏது? டேபிளை மாதவாரியாகத் தனித்தனிப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரித்திருந்தால் பழைய மாதத்தைக் கழற்றி, ஆவணக் கிடங்குக்கு மாற்றிச் சரிபார்த்தபின் நீக்கிவிடலாம். இதை முதல் நாளே செய்ய வேண்டும். கோடிக்கணக்கான வரி சேர்ந்தபின் பிரிப்பது பெரிய பாடு.

அப்புறம், காலக்கெடு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், லாகுகளை வைத்திருக்க 2022 ஏப்ரல் 28 அன்று சொன்ன 180 நாள், கணினி அமைப்புகளின் லாகுகளுக்கு. கணக்கு எடிட் லாகுக்கு அது பொருந்தாது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128(5)-இன்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுகள் இருக்க வேண்டும், லாகும் அவற்றோடு சேர்ந்ததுதான். எல்லா லாகையும் 180 நாளில் தானாகத் துடைக்கிற ஒரே நிரலை மென்பொருளோடு அனுப்பாதீர்கள். லாக் ஆண்டு முழுதும் ஓடியதா, யாரும் கைவைக்காமல் இருந்ததா, பாதுகாக்கப்பட்டதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆயிரம் வவுச்சருக்கு லாக் எவ்வளவு வளரும் என்று அளந்து, நிறுவல் கையேட்டில் போடுங்கள். அந்த எண் கையில் இருந்தால் டிஸ்கை முன்கூட்டியே ஏற்பாடு செய்வதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி