இருக்கிறதாம், பார்க்கவில்லையாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் விழிப்புணர்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், "வேட்பாளர்களைப் பற்றிய விவரமெல்லாம் கட்சிகளின் இணையதளத்திலேயே இருக்கிறது, வாக்காளர்தான் பார்ப்பதில்லை" என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளர் எந்தக் கட்சியின் தளத்தைத் திறந்து பார்த்தார் என்பதையும் எழுதியிருக்கலாம். நாங்களும் போய்ப் பார்த்துப் புண்ணியம் கட்டிக்கொண்டிருப்போம்.

தமிழ்நாட்டுக் கட்சித் தளங்களில் என்ன இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தலைவர் படம் ஓடும். கட்சி வரலாறு, மாநாட்டுத் தீர்மானம், உறுப்பினர் சேர்க்கை, நன்கொடை எல்லாம் தவறாமல் இருக்கும். வேட்பாளர் பட்டியல் மட்டும், தலைமைக் கழகக் கடிதத்தாளில் கையெழுத்திட்டதைப் படம் பிடித்து அப்படியே ஏற்றியதாக இருக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிப்பதில்லை. பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பி.டி.எஃப். ஆக இருந்தாலோ, பல நேரம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல். வேட்பாளர் பெயரைத் தட்டித் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. கிடைக்காததை அவர் 'பார்க்கவில்லை' என்று தாங்கள் எழுதுகிறீர்கள்.

போதாக்குறைக்குத் தலைப்பெழுத்து. பட்டியலில் 'இரா.', சுவரொட்டியில் 'ஆர்.', வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேறொன்று. அதே பெயரில் நான்கு சுயேச்சைகளை நிறுத்துகிற கலை வளர்ந்த ஊரில், வாக்குச்சீட்டில் வரும் பெயரையும் வரிசை எண்ணையும் படத்தோடு கட்சித் தளத்தில் போட ஐந்து நிமிடம் ஆகாது. வாக்குச்சீட்டில் வேட்பாளர் படம் வந்ததே 2015-இல், இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். கட்சிகளுக்கு அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை போலும்.

விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விட்டுவைத்த காரியமும் அல்ல இது. 13-2-2020 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்தினால், வழக்கு விவரம், அவரைத் தேர்ந்தெடுத்த காரணம், வழக்கில்லாத வேறொருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்பது ஆகியவற்றைக் கட்சி தன் இணையதளத்தில் போட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகக் கூடாது. தகுதி, சாதனை, திறமையைக் காட்ட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். 2021 ஆகஸ்டில் இன்னும் இறுக்கியது: தேர்ந்தெடுத்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும், தளத்தின் முகப்பிலேயே 'குற்றப் பின்னணி கொண்ட வேட்பாளர்கள்' என்று தலைப்பு இருக்க வேண்டும். பீகார் தேர்தலில் இதை மீறிய கட்சிகளுக்கு 1 லட்சம், 5 லட்சம் என்று அபராதமும் விழுந்தது. ஒரு தேர்தல் பொதுக்கூட்டத்தின் பந்தல் செலவுக்குக்கூடக் காணாத தொகை என்பதால், பயந்தவர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கென்று ஆணையம் தந்த சி-7 படிவத்தைத் தேடிப் பிடித்தால் அடுத்த வேடிக்கை. முகப்பில் இருக்க வேண்டியது 'பதிவிறக்கம்', 'பிற' என்று மூன்றாவது அடுக்கில் ஒளிந்திருக்கும், சாய்வாக ஸ்கேன் செய்தபடி. காரணக் கட்டத்தில் "மக்கள் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவர், வழக்குகள் அரசியல் காழ்ப்புணர்ச்சியால் போடப்பட்டவை" என்ற ரீதியில் ஒரே வாசகம், பெயரை மட்டும் மாற்றி, வேட்பாளருக்கு வேட்பாளர் ஒட்டப்பட்டிருக்கும்.

இதில் நட்டம் கட்சிக்கும்தான் என்பதை எந்தத் தகவல் தொழில்நுட்ப அணியும் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டில் வேட்பாளர்கள் மீதுள்ள வழக்குகளில் கணிசமானவை தடையை மீறி மறியல், ஆர்ப்பாட்டம் செய்ததற்காகப் போடப்பட்டவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 பிரிவுகள். கொலை முயற்சி என்றால் 307, மோசடி என்றால் 420. படிவத்தில் எண்ணை மட்டும் எழுதினால், குடிநீர் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தவரும் அரிவாள் எடுத்தவரும் வாசகர் கண்ணுக்கு ஒன்றுதான். 1-7-2024 முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்து எண்களும் மாறிவிட்டன: 188 இப்போது 223, 307 இப்போது 109. பழைய வழக்கு பழைய எண்ணில், புதிய வழக்கு புதிய எண்ணில் கலந்து கிடக்கும்போது வழக்கறிஞரே ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் 'அனுமதியின்றிக் கூடியது', 'கொலை முயற்சி' என்று இரண்டு வார்த்தை, எந்தக் காவல் நிலையம், எந்த நீதிமன்றம், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா இல்லையா. இவ்வளவு எழுதினால் போதும்.

இதற்கு ஆள் இல்லை, நேரமில்லை என்பார்கள். வேட்புமனுவோடு தருகிற படிவம் 26 பிரமாணப் பத்திரம் எப்படித் தயாராகிறது என்று வேட்புமனு எழுதும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வருமான வரி எண், ஐந்தாண்டு வருமானம், மனைவி, கணவர், சார்ந்திருப்போர் சொத்து, வங்கிக் கடன், அரசுக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் முதலில் கணினியில் அடிக்கப்பட்டு, பிறகுதான் முத்திரைத்தாளில் அச்சாகி நோட்டரியிடம் போகிறது. அந்தக் கோப்பு கட்சி வழக்கறிஞரின் கணினியில் அப்படியே இருக்கிறது. ஆணையத்தின் தளத்தில் ஏறுவதோ அதன் ஸ்கேன் நகல். பக்கம் பக்கமாகத் தள்ளிப் படிக்க வேண்டும். மூலக் கோப்பையே யூனிகோடில் ஏற்றினால் கட்சிக்குப் புதிய வேலை எதுவும் இல்லை. 1 கும்மிடிப்பூண்டி முதல் 234 கிள்ளியூர் வரை தொகுதிக்கு ஒரு பக்கம். அதில் வயது, படிப்பு, தொழில், கட்சியில் வகித்த பொறுப்புகள் ஆண்டுடன், முன்பு எந்தச் சின்னத்தில் எங்கே நின்றார் (கட்சி மாறியவருக்கு இது கசக்கும், அதனால்தான் வேண்டும்), சொத்தும் கடனும், வழக்கு, தேர்தல் அலுவலகத் தொலைபேசி. அடியில் 'கடைசியாகத் திருத்திய தேதி'. இந்தக் கடைசி வரி இல்லாததால்தான், வேட்பாளரை மாற்றிய பிறகும் பழைய பட்டியல் தளத்திலேயே கிடக்கிறது, இரண்டில் எது சரி என்று சொல்ல ஆளில்லை.

கூட்டணிக் கட்சிக்கு விட்ட தொகுதி என்றால் தலைமைக் கட்சியின் தளத்தில் கட்சிப் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆளின் பெயரைச் சிறிய கட்சியின் தளத்தில் தேட வேண்டும். பல சிறிய கட்சிகளின் தளமோ போன தேர்தலோடு நின்றுபோனது. பெரிய கட்சியின் சின்னத்திலேயே அவர் நின்றாலும் இதுதான் கதி.

உள்ளாட்சியைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2011-க்குப் பிறகு 19-2-2022 அன்றுதான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 21 மாநகராட்சிகள் உட்பட 649 அமைப்புகளுக்கு. வார்டு எல்லை மாறியிருந்த ஊர்களில் எந்தத் தெரு எந்த வார்டு என்பதே வாக்காளருக்குத் தகராறு. வார்டு எண்ணோடு தெருப் பெயரையும் போட்டால் தீர்கிற விஷயம். கட்சிகளோ மாவட்டவாரியாக வெறும் பெயர்களை அடுக்கின. மேயர் மறைமுகத் தேர்தல் என்பதால், யார் மேயர் ஆவார் என்பது வாக்களித்து முடித்த பிறகு தலைமை அறிவித்துத்தான் தெரிந்தது. உச்ச நீதிமன்ற உத்தரவும் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்கானது. தெருவிளக்குக்கு வழி சொல்ல வேண்டிய கவுன்சிலரை அது தொடவில்லை.

பத்திரிகைகளையும் விடுவதற்கில்லை. வேட்பாளரும் கட்சியும் வழக்கு விவரத்தை மூன்று முறை நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும், எழுத்தளவு 12-க்குக் குறையக் கூடாது என்பது ஆணையத்தின் விதி. அந்த விளம்பரங்கள் டெண்டர் அறிவிப்புக்கும் ஏல அறிவிப்புக்கும் நடுவே எந்த மூலையில் அச்சாகின்றன என்பதைத் தங்கள் விளம்பரப் பிரிவிடமே விசாரிக்கலாம். வாங்கிய காசுக்கு இடம் கொடுத்தாயிற்று, சரிதான். அதன் பிறகு 'பார்ப்பதில்லை' என்று எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த தேர்தலுக்குத் தொகுதிவாரி வேட்பாளர் பட்டியல் வெளியிடும்போது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சிறு கட்டம் சேர்க்கவும்: கட்சித் தளத்தில் விவரம் இருக்கிறதா, எந்தத் தேதியில் ஏறியது, வழக்கு உள்ளவர் என்றால் சி-7 வெளியானதா. இல்லாவிட்டால் 'இல்லை' என்றே அச்சிடவும். கூடவே, 'வாக்காளர்தான் பார்ப்பதில்லை' என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தமும் போட இடம் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்