யாராலும் நிறுத்த முடியாதா?

கல்லடி,
மட்டக்களப்பு

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன கிழமை போனில் நீ சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. ஐரோப்பாவில் பெரிய சண்டை வரத்தான் போகுது, யாராலும் நிறுத்தேலாது என்றாய். பக்கத்தில் பேரனின் குரலும் கேட்டது. உக்ரைனில் 2022 முதல் நடப்பதை அவ்வளவு கிட்ட இருந்து பார்க்கிற உனக்குப் பயம் வருவது நியாயம். ஆனால் யாராலும் நிறுத்தேலாது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று போனில் சொல்லி முடியாது.

வேலைக்காலம் முழுக்க ரயில்வேயில் இருந்தவன் என்பதால், முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ரயில்தான். ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜேர்மன் பேரரசர் வில்ஹெல்ம் படை திரட்டும் கட்டளையில் கையெழுத்திட்டுவிட்டார். பிறகு லண்டனில் இருந்த அவருடைய தூதரிடமிருந்து தந்தி வந்தது: பிரான்சைத் தாக்காமல் விட்டால் பிரித்தானியா ஒதுங்கி நிற்கக்கூடும். பேரரசருக்குப் பெரிய சந்தோஷம். அப்படியென்றால் படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாவின் பக்கம் திருப்புங்கள் என்றார். தளபதி மோல்ட்கே முடியவே முடியாது என்று நின்றார். ரயில்களின் நேர அட்டவணை போட்டாயிற்று, இனிக் கை வைத்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பது அவர் வாதம். தந்தியில் இருந்த நம்பிக்கையும் அன்றிரவே பொய்த்துப் போனது, அது வேறு விஷயம். ஆனால் படையின் ரயில் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியே, மாற்றியிருக்கலாம் என்று பிற்பாடு கணக்குப் போட்டுக் காட்டினார்.

வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. வெலிகந்தைப் பக்கம் வெள்ளம் வந்தாலும், புனானைக் காட்டில் யானை அடிபட்டாலும், நாங்கள் ராவோடு ராவாக வண்டிகளை மாற்றி ஓட்டவில்லையா? ஒரு படையை நகர்த்துவது அவ்வளவு லேசு இல்லைதான். ஆனால் இதைக் கேள்: அதே மோல்ட்கே 1912 டிசம்பரிலேயே பேரரசருக்கு முன்னால், போர் தவிர்க்க முடியாதது, எவ்வளவு கெதியாக வருகிறதோ அவ்வளவு நல்லது என்று சொன்னவர். கிழக்கே மட்டும் படை அனுப்பும் திட்டத்தை வருடா வருடம் புதுப்பித்து வந்ததையும் 1913இல் கைவிட்டார்கள். வராமல் விடாது என்று முடிவு கட்டியவர்கள் மாற்றுவழியைத் தயாராக வைக்கவில்லை. பிறகு மாற்றுவழி இல்லை என்றார்கள்.

நம்முடைய பாதை ஒற்றைப் பாதை, உனக்குத் தெரியும். ஏறாவூர் ஸ்டேஷன் மாஸ்டர் தன் பக்கத்தில் சம்மதம் தராமல் மட்டக்களப்பில் என் கருவியிலிருந்து டப்லட் என்கிற அனுமதித் தகடு வெளியே வராது. அந்த வட்டத் தகடு கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கவும் மாட்டார். எனக்கும் ஏறாவூர் மாஸ்டருக்கும் கதை பேச்சே இல்லாத நாட்களிலும் வண்டிகள் மோதவில்லை. நாடுகளுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்றுதான் சொல்கிறேன். ஒருவரை ஒருவர் நேசிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

1962 ஒக்டோபரில் கியூபாவில் ஏவுகணைப் பிரச்சினை வெடித்தபோது, சோவியத் தலைவர் குருசேவ் அனுப்பிய ஒரு நீண்ட கடிதம் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கைக்குப் போய்ச்சேரப் பல மணிநேரம் எடுத்தது. உலகம் அழியும் தறுவாயில் இப்படி ஒரு தாமதம்! அடுத்த வருடமே வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் இடையில் நேரடித் தொடர்பு போட்டார்கள். பகை தீரவில்லை, ஆனாலும் போட்டார்கள். 1978 டிசம்பரில் ஆர்ஜென்டினாவும் சிலியும் தென்கோடியில் மூன்று சின்னத் தீவுகளுக்காகப் போருக்குப் புறப்பட்டு நின்றன. இரண்டு நாட்டிலும் இராணுவ ஆட்சி. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) ஒரு கர்தினாலை அனுப்பினார், அவர் போய்வந்து போய்வந்து பேசினார். 1984இல் உடன்படிக்கை ஆயிற்று. நடக்காத போர் என்பதால் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஹிட்லரை யார் பேசி நிறுத்தியிருப்பார் என்று கேட்பாய். சரியான கேள்வி. 1938இல் மியூனிக்கில் பேசிப் பார்த்தார்கள், அடுத்த வருடம் போலந்துக்குள் புகுந்தான். போரை விரும்புகிறவனுக்குப் பேச்சு மட்டும் காணாது, இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஜேர்மன் படை நிற்கக்கூடாது என்று ஒப்பந்தம் இருந்த ரைன்லாந்துக்குள் 1936 மார்ச்சில் அவன் படை அனுப்பினானே, அப்போது அவன் இன்னும் பலமாகவில்லை. பிரான்ஸ் நகரவில்லை, பிரித்தானியாவும் நகரவில்லை. நேரம் இருந்தது, தவறவிட்டார்கள். விதி என்று நான் அதைச் சொல்லமாட்டேன்.

அந்தப் போர் நம் வாசலுக்கும் வந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு வீசித் தாக்கின. அன்றே ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. எதிர்த்துப் பறக்க அந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட அன்று இல்லை. 300க்கு மேற்பட்ட பொடியன்கள் செத்தார்கள். எங்கேயோ பிறந்தவர்கள், நம் கடலில் கிடக்கிறார்கள். ஆனால் 1951இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், இலங்கை ஜப்பானிடம் நட்டஈடு கேட்காது என்று ஜே.ஆர். ஜயவர்தன புத்தரின் வாக்கைச் சொல்லி அறிவித்தார். 1983இல் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான், அதை என்னால் மறக்க முடியாது. இருந்தாலும் அன்று சொன்னது சரி. முதல் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியை 1919இல் மண்டியிட வைத்ததன் பலனை உலகம் அனுபவித்தாயிற்று.

நம் நாட்டில் நடந்தது இரண்டு நாடுகளின் போர் அல்ல. ஆனால் அதற்குள் இருந்தபோது ஒன்றைக் கண்டேன். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது சனம் மூச்சு விட்டது. 2006 நெருங்க நெருங்க, தேத்தண்ணிக் கடையிலும் கோயில் வீதியிலும் ஒரே கதை: இனி வராமல் விடாது. அப்படிச் சொல்லத் தொடங்கியதும் எதிர்த்துப் பேசுவதை எல்லோரும் விட்டுவிட்டோம். கேட்கக்கூட ஆளில்லை. சாதாரண சனம் பேசி ஒரு போரை நிறுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை மனே. ஆனால் சனம் கைவிட்டுவிட்டது என்று தெரிந்தால் ஆட்சியில் இருப்பவனுக்கு அது எவ்வளவு வசதி!

நீ ஜேர்மனியின் கேல் நகரில் ட்ராம் ஏறி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இறங்குகிறாய். அந்த ட்ராம் ரைன் நதியைக் கடக்கும்போது உன் கடவுச்சீட்டை யாராவது வழக்கமாகக் கேட்கிறார்களா? ஸ்ட்ராஸ்பூர்க் 1871இல் ஜேர்மனிக்குப் போனது, 1918இல் பிரான்சுக்குத் திரும்பியது, 1940இல் மறுபடி ஜேர்மனி, 1944இல் மறுபடி பிரான்ஸ். இந்த இரண்டு நாடும் பரம்பரைப் பகைவர்கள், இவர்களுக்குள் சண்டை ஓயாது என்றுதான் அந்தக் காலத்தில் படித்தவர்களும் சொன்னார்கள். 1951இல் நிலக்கரியையும் உருக்கையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர ஒப்பந்தம் செய்தார்கள். பீரங்கி செய்கிற சாமானே இரண்டு பேரின் கண்ணுக்கும் முன்னால் வந்தது. எத்தனை சலிப்பான கூட்டம் வைத்திருப்பார்கள், எத்தனை பைல் எழுதியிருப்பார்கள்! அதற்குப் பிறகு இந்த இரண்டும் ஒன்றோடொன்று போர் செய்யவில்லை.

பேரனுக்கு முன்னால் அந்தப் பேச்சை இனிப் பேசாதே. அவன் கேட்டால் பொய்யும் சொல்லாதே. போர் வரக்கூடும், வராமல் தடுக்க வேலை செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்று சொல். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. தமிழ் விளங்காத இடத்தில் ஜேர்மன் மொழியில் சொல்லிக் கொடு. நான் சொன்னதில் அவனுக்கு மறுப்பு இருந்தால் அவனையே எனக்கு எழுதச் சொல், பதில் போடுகிறேன்.

மருமகளுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
அப்பா