அம்மாவின் உடம்பு இன்னும் விழித்திருக்கிறது

எண்ணூர் வட்டார ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், மாநகராட்சி சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கமெல்லாம் பரவியது உங்களுக்கும் தெரியும். கண் எரிய, மூச்சு முட்ட ஓடியவர்களில் நானும் அம்மாவும் உண்டு. சுனாமி வந்ததும் ஒரு டிசம்பர் 26-இல்தான். அம்மாவுக்கு அந்த இரண்டு ஓட்டமும் ஒன்றாகிவிட்டன.

இன்றும் பினாயில் நெடி கொஞ்சம் தூக்கலாக அடித்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, கை சில்லிட்டுப்போகிறது. ஓர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். "ஒண்ணும் இல்ல, சும்மா பயம்தான்" என்று கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "நான் நடிக்கிறேன்னு நெனச்சிட்டாங்க போல" என்றார் அம்மா, ஆட்டோவில் வரும்போது.

அவர் நடிக்கவில்லை. மூக்கில் ஏறும் நெடி, மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவுக்கு வெகு சீக்கிரம் போய்ச் சேர்கிறது. 'இது பினாயில்தான்' என்று புத்தி சொல்வதற்குள் அட்ரினலின் சுரந்துவிடும். இதயம் வேகமெடுக்கும், செரிமானம் தடுமாறும், தோலுக்குப் போகும் ரத்தம் குறையும். ஓடித் தப்பிக்கத் தயாராகும் உடம்பு அது. ஒரு மாதம் தாண்டியும் இது ஓயவில்லை என்றால் சிகிச்சை வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கம் பிள்ளை பயந்துபோனால் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரிப்பார்கள். அதைப் பற்றி வாதாட வரவில்லை. ஆனால் ஓதுகிற பெரியவர் அவசரப்படமாட்டார். தலையில் கைவைத்து மெதுவாகப் பேசுவார். அவர் நிதானத்தில் பிள்ளையின் மூச்சும் தணியும். அந்த நிதானம் உங்கள் ஓபியிலும் வேண்டும்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள், சரி. ஆனால் ராத்திரி ஏதோ வாடை வந்தால் அது என்ன, ஆபத்தா இல்லையா என்று யார் சொல்வது? பதில் தெரியாதவரை அம்மாவின் உடம்பு காவல் காப்பதைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்? சைரன் வேண்டும். தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்து, என்ன கசிந்தது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நாங்கள் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தமிழில் சொல்லவேண்டும். குப்பத்தில் ஒத்திகை நடக்கவேண்டும். இதையெல்லாம் தொழிற்சாலைப் பாதுகாப்பு என்று வேறு துறைக்குத் தள்ளிவிடாதீர்கள். எங்களுக்கு இதுதான் முதல் மருந்து; மருத்துவர்களான நீங்களே கேட்டு வாங்கித்தாருங்கள்.

அப்புறம், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் அக்கா பிரஷரும் சுகரும் பார்க்கிறார். கூடவே "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். அம்மா இன்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வைத்த பையைத் தலைமாட்டில் வைத்து, செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் படுக்கிறார்.

இப்படிக்கு,
எண்ணூரிலிருந்து ஒரு மகள்