மேளத்தை மோட்டாரிடம் விடலாமா?

ஆசிரியருக்கு,

இன்று தஞ்சையில் இருக்கும் பங்காரு காமாட்சியம்மனுக்குப் பூஜை செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர், கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி (1762–1827). பொன்னாலான அந்த அம்பாள் புனுகுப் பூச்சில் கறுப்பாகத்தான் தெரிவாள். அவளைத்தான் தாயிடம் பிள்ளை முறையிடுவதுபோல அவர் பாடினார்.

சரி, அம்மன் சன்னிதியில் இசைக்கு இன்று என்ன நிலைமை? எங்கள் ஊர் அம்மன் கோயிலில் போன வெள்ளிக்கிழமை சாயரட்சை (மாலைப் பூஜை) நேரத்தில் சுவிட்சைத் தட்டினார்கள். சேகண்டியும் மேளமும் ஒரே மோட்டாரில் அலறின. நாகஸ்வரக்காரர் சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி) நனைத்தபடி ஓரமாக நின்றார். சத்தம் அடங்கியபோது தீபாராதனையே முடிந்துவிட்டது. கரண்ட் போனால்தான் அவருக்கு வாசிக்க வாய்ப்பு போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை மட்டுமாவது அந்த மெஷினுக்கு லீவு கொடுக்கக் கூடாதா?

– ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்