செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையின் பிரதி வழக்கம்போல் அனுப்பப்படும். படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வாண்டு 11 விவாதக் கூட்டங்கள் நடந்தன. 12-ஆவது கூட்டம் பேச்சாளரே வராததால் நடக்கவில்லை. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் இழுக்கும் மின்சாரம், தண்ணீர் பற்றிய கூட்டம் நன்றாக நடந்தது. கைபேசிக் கோபுரக் கதிர்வீச்சுக் கூட்டத்துக்கு நாற்காலிகள் போதவில்லை.

அடுத்தது, நான் கொண்டுவந்த ‘எதிர்த்தரப்புப் பக்கம்’ திட்டம். மேடையேறுபவர் முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். எதிர்த்தரப்பு அதைப் படித்துவிட்டு, “ஆம், இதுதான் எங்கள் வாதம்” என்று கையெழுத்திட வேண்டும். சென்ற பொதுக்குழுவில் சிலர் இதை வீட்டுப்பாடம் என்று கேலி செய்தது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. கிளைபோசேட் களைக்கொல்லி பற்றிய கூட்டம் அவர்களுக்கான பதில். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை ‘அநேகமாக மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பு குறைவு என்றது. பழைய முறையில் ஆளுக்கொரு தாளை வீசிக் கத்திவிட்டுக் கலைந்திருப்போம். எதிராளியின் வாதத்தை எழுத வேண்டியிருந்ததால் இருவருக்கும் ஒன்று புலப்பட்டது. முதல் அமைப்பு, அந்தப் பொருளுக்குக் கெடுதல் செய்யும் தன்மை உண்டா என்று பார்த்தது. இரண்டாவது, மனிதர் உடலில் சேரும் அளவில் அந்தக் கெடுதல் நேருமா என்றும் பார்த்தது. முதலாவது வெளியான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது, நிறுவனங்கள் சமர்ப்பித்த, வெளியாகாத ஆய்வுகளையும் எடைபோட்டது. எதை நம்புவது என்ற உண்மையான சண்டை அங்கேதான் தொடங்கியது. யாரும் கட்சி மாறவில்லை. ஆனால் யாரும் பாதியில் எழுந்து போகவும் இல்லை.

ஆண்டிபயாடிக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதற்காக மூன்று மாதம் படித்தேன். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நால்வர் செயற்குழுவினர். கால்நடைகள் விரைவில் எடை கூடுவதற்காக ஆண்டிபயாடிக் கொடுப்பதை, பாக்டீரியா அந்த மருந்துகளை எதிர்க்கப் பழகிவிடும் என்ற அச்சத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் நிறுத்தியது. கடைசிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆண்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வடிவில், சீனாவின் பன்றிகளிலும் நோயாளிகளிடமும் காணப்பட்டதாக 2015-இல் செய்தி வந்தது. மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாவே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. வேளாண்மை, மருத்துவம், சுற்றுச்சூழல் மூன்றும் சந்திக்கும் இதைவிடப் பொருத்தமான தலைப்பு நம் மன்றத்துக்குக் கிடைக்காது. கோபுரக் கூட்டத்தில் முன்வரிசைக்கு முண்டியவர்களில் ஒருவரையும் அன்று காணவில்லை. அன்று மழைகூட இல்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கையிருப்பு உண்டு, சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அலமாரி பற்றி முணுமுணுப்பவர்கள் ரசீதைப் பார்க்கலாம். 64 உறுப்பினர்களில் 27 பேரின் சந்தா நிலுவையில் உள்ளது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்கம் தந்தவர்கள், நாற்காலி அடுக்கிய இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு மரபணுத் திருத்தப் பயிர்களோடு தொடங்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. இரு தரப்புக்கும் பக்கம் எழுத ஆள் வேண்டும். ஆறு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். வேறொருவர் ஏற்க முன்வந்தால் குறிப்பேடுகளை இன்றே ஒப்படைப்பேன். அவர் ‘எதிர்த்தரப்புப் பக்கம்’ திட்டத்தைத் தொடர வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். யாரும் முன்வராமல், என் பெயரையே மீண்டும் முன்மொழிந்தால் மறுக்கும் பிடிவாதம் எனக்கு இல்லை.

பக்கம் எழுத விரும்புவோர் பெயர் தருவதற்கான தாள் வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான்.