கழிவையும் கணக்கில் எடுங்கள்: விவசாயச் சந்தை ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விவசாயப் பொருளாதார ஆய்வாளர்களுக்கும், அவர்களின் அறிக்கைகளை வைத்துத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். அண்மையில் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஊருக்குச் சந்தைக் கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் பண்பானவர்கள். அவர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் கொடுத்துவிட்ட படிவத்தில்தான் குறை. சின்ன வெங்காயம் கிலோ என்ன விலைக்குப் போனது என்று கேட்டார்கள், சொன்னேன். எத்தனை கிலோ கொண்டுபோனீர்கள் என்றார்கள், அதையும் சொன்னேன். "கழிவு போனதை எங்க பிள்ளை எழுதுறது?" என்று நான் கேட்டபோது, "அதுக்கு இதில இடமில்லை ஐயா" என்று பதில் வந்தது.

கழிவு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நூறு கிலோ சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி பத்தைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்குத்தான் காசு தருவார். மண்ணும் சருகும் அழுகலும் இருக்கும் என்பது பழைய நியாயம். வெங்காயத்தைக் கிண்டி, காயவிட்டு, மண் உதறி, தாள் அறுத்து, அழுகல் பொறுக்கித்தான் சாக்கில் போடுகிறோம். அதற்கும் பத்து. முழுப் பூசணிக்காயில் என்ன கழிவு இருக்கிறது? அதற்கும் பத்து. கிராம் பிசகாமல் காட்டும் தராசு வந்த பிறகும் அதே பத்து. வேண்டாம் என்று சாக்கைத் திருப்பி ஏற்றலாம்தான். ஆனால் வெயில் ஏறிய பிறகு அந்தச் சாக்கை எங்கே கொண்டுபோவது? வாங்குகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

ஒரு பேச்சுக்குக் கிலோ 120 ரூபா என்று வைப்போம். உங்கள் படிவத்தில் 120 என்றுதான் பதிவாகும். நூறு கிலோவுக்கு என் கைக்கு வருவது 10,800 ரூபா, அதாவது கிலோவுக்கு 108. விதை வெங்காயம், உழவு, இறைப்புக்கு எண்ணெய், மருந்து, கூலி எல்லாம் சேர்த்து உற்பத்திச் செலவு கிலோவுக்கு 100 என்றால், உங்கள் கணக்கில் என் இலாபம் 20 ரூபா, என் கணக்கில் 8 ரூபா. விலையில் பத்து வீதம் போனது போலத் தெரிகிறது. இலாபத்தில் அறுபது வீதம் போய்விட்டது. இது நீங்கள் அறிக்கையில் அடிக்குறிப்பாகக்கூடச் சேர்க்காத தொகை. ஆனால் என் வீட்டில் பிள்ளைகளின் ரியூசன் காசு அதற்குள்தான் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. கழிவைக் கணக்கில் எடுங்கள்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவன், கொஞ்சப் பரப்பில் தோட்டமும் செய்கிறவன். போன போக விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிரை நடுவதும், பிறகு விலை விழுவதும், அடுத்த போகம் எல்லோரும் கைவிடுவதும் ஏன் என்று எசக்கியேல் என்ற பொருளியலாளர் 1938 இலேயே சிலந்திவலைக் கோட்பாட்டில் எழுதிவிட்டார். எங்களூர் பீற்றூட்டிலும் கோவாவிலும் அதைக் கண்ணால் காண்கிறோம். ஆனால் அதை வைத்துக்கொண்டு, "விவசாயிகளுக்குச் சந்தை பற்றிய விழிப்புணர்வு போதாது" என்று நீங்கள் அறிக்கையை முடிப்பது நியாயமில்லை. ஏழை விவசாயி தன்னிடம் இருக்கும் வளத்தைக் கெட்டித்தனமாகத்தான் பயன்படுத்துகிறான் என்று 1964 இல் வாதிட்டவர் பொருளியலாளர் தியடோர் ஷூல்ட்ஸ். 1979 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. கையில் வரும் விலையை எழுதாமல் விட்டுவிட்டு எங்கள் முடிவை எப்படிப் பிழை என்கிறீர்கள்?

புகையிலையை ஏன் விடுகிறீர்கள் இல்லை என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பாடம் போட்ட, அதாவது உலர்த்திப் பதப்படுத்திய புகையிலை வீட்டில் கெடாமல் கிடக்கும். வியாபாரி படலைக்கு வருவார். விலை சரியில்லையென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லலாம். தக்காளியோடு சந்தையில் நின்று அப்படிச் சொல்ல முடியுமா? விலையைக் குறைத்தாவது தோட்டத்திலேயே மொத்தமாகக் கொடுத்துவிடுகிறவர்களும் இதே காரணத்தால்தான் கொடுக்கிறார்கள். கழிவுக்கு ஒரு கட்டம் இருந்திருந்தால் இதெல்லாம் உங்கள் தரவிலேயே தெரிந்திருக்கும்.

எங்கள் கைக்குள் இல்லாதவை போதுமான அளவு இருக்கின்றன. 1970 களில் அரசாங்கம் இறக்குமதியை மறித்தபோது வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வீடு கட்டித் தந்தன. 1977 இல் சந்தையைத் திறந்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ் ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும், வெளிநாட்டுக் கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் வரி மாற. நட்டபோது ஒரு வரி, கிண்டும்போது இன்னொரு வரி. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் மஞ்சளித்து நின்ற பயிருக்கு யார் பொறுப்பு? இத்தனைக்கும் நடுவில் நின்று முடிவெடுக்கிறவனிடம் வந்து "இடர் ஏற்கும் மனப்பாங்கு" எத்தனை புள்ளி என்று கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

தயவுசெய்து அடுத்த படிவத்தில், கொண்டுபோன நிறைக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்: காசு கிடைத்த நிறை எவ்வளவு. சந்தை வாடகை, ஏற்றுக்கூலி போன்றவற்றையும் அதற்குக் கீழே எழுத விடுங்கள். கேள்விகளை வீட்டுக்கு வந்து கேட்பதோடு நிற்காமல், வெங்காய நேரத்தில் ஒரு விடியற்காலை சந்தைத் தராசடியில் வந்து நில்லுங்கள். நாங்கள் சொல்வதை நம்பவேண்டியதில்லை, நீங்களே நிறுத்துப் பாருங்கள். நாங்கள் முறையிட்டால் "விவசாயி எப்போதும் அழுவான்" என்கிறவர்கள் உங்கள் எண்களை அப்படித் தள்ள மாட்டார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அறிக்கை முடிந்ததும் அதைத் தமிழில் நாலு பக்கமாக்கி எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த நடுகைக்கு முன் வந்தால் உதவியாக இருக்கும். அதில் கிலோவின் விலைக்குப் பக்கத்தில், கழிவு போக விவசாயி கையில் பெற்ற விலையும் இருக்கவேண்டும்.

நன்றி.

இப்படிக்கு,
வலிகாமத்துத் தோட்டக்காரன் ஒருவன்
யாழ்ப்பாணம்